நுனி ஒடிந்தவை

மூன்றாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை ஓவியம்.
ஆளுக்கொரு வெண்டைக்காய் போதும் என்றிருந்தேன்.
பெலிசியா ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள்.
எல்லாமே நுனி ஒடிந்தவை:
ரசல் மார்க்கெட்டில் வருகிறவர் போகிறவரெல்லாம்
ஒடித்துப் பார்த்து
முற்றல் என்று போட்டுவிட்டுப் போனவை.
"காசு வேணாம்னுச்சு மிஸ், அம்மா."

குறுக்கே வெட்டி, சிவப்பில் தோய்த்து
அழுத்தினோம்.
பிஞ்செல்லாம் வழவழத்து ஈஷிக்கொண்டது.
முற்றல் மட்டும்
ஐந்து இதழும் பிசிறில்லாமல் பூத்தது,
விதை இருந்த அறைகள் வெள்ளையாக.

மணியடித்த பிறகும் இர்ஃபான்
தன் சட்டைக் கையில் வரிசையாக
வைத்துக்கொண்டே இருந்தான்.
திங்களன்று அவன் அம்மா சண்டைக்கு வருவார்.

ஞாயிறு காலை மார்க்கெட்.
என் கட்டைவிரல் தன்னால் நுனிக்குப் போனது.

தராசுக்குப் பின்னாலிருந்து பெலிசியா
பார்த்துக்கொண்டிருந்தாள்.