ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின்
இரண்டாங்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன்.
கூரை உயரம். பேசினால் என் குரல்
ஒரு சுற்று சுற்றிவிட்டு
எனக்குப் பின்னால் வந்து நிற்கும்.
முதல் வீடியோ பார்த்த ஒருவர் கேட்டார்,
"மேடம், ரெண்டு பேர் பாடம் எடுக்குறீங்களா?"

அதன்பிறகு கொடியில் நான்கு ஜமுக்காளம்.
அரிசி டின்னில் சாய்த்த போன்.
காரைக்குடி போகும் கடைசி பஸ் ஓய்ந்ததும்
பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்.

பதினாலு வருஷம் வகுப்பில்
"புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறேன்.
பதினாலு வருஷமும் புரிந்துதான் இருந்தது.
இப்போது ஒரு சாம்பல் நிறக் கோடு
நாலாவது நிமிடத்தில் குன்றாக எழும்புகிறது.
அங்கேதான் எல்லோரும்
பின்னால் போய்ப் போய் வருகிறார்களாம்.
போட்டுக் கேட்டேன்.
அந்த இடத்தில் நான் சொல்லியிருந்தது:
"இது ரொம்ப ஈஸி."

போன வருஷம் இந்த ஒரு பாடத்தில் மட்டும்
கோட்டைவிட்ட சேவுகன்
இப்போது புதுவயல் ரைஸ்மில்லில் ராத்திரி ஷிப்ட்.
அவித்த நெல் ஆறுகிற நேரத்தில்
மூட்டைமேல் உட்கார்ந்து பார்க்கிறானாம்.
"ஒன்றரை வேகத்துல ஓட்டினா
நீங்க கோபமா இருக்குற மாதிரி இருக்கு மிஸ்,
தூக்கமே வரல."
எந்த விருதும் இப்படி இனித்ததில்லை.

நடுவில் ரம்மி ஆடச் சொல்லி
ஒருவன் குதித்து வருவதும் உண்டு.
மதுரையில் ஒரு டியூஷன் சென்டர்
என் நெற்றியில் தன் பெயரை ஒட்டி
விற்றுக்கொண்டிருப்பதும் உண்டு.
இன்று காலை வகுப்பில் பின்வரிசை:
"அதான் வீடியோவுல இருக்கே மிஸ்."
போகட்டும்.
இதையெல்லாம் தூசி என்று தட்டிவிடலாம்.

மாசி மாதம் ஒரு ராத்திரி
கரண்ட் போய் வந்து, மறுபடி தொடங்கினேன்.
குவிலென்ஸ். குவியத் தூரம் இருபது.
பொருள் இருக்கும் தூரம் முப்பது.
முப்பதுக்கு முன்னால்
எள்ளளவு ஒரு கழித்தல் குறி, விட்டுப்போச்சு.
அறுபதில் விழ வேண்டிய பிம்பம்
பன்னிரண்டில் விழுந்தது.

வகுப்பில் என்றால் நான்கு விநாடி.
மூன்றாம் பெஞ்ச் ஜெசிமா கை தூக்குவாள்,
"மிஸ், மைனஸ்."
அட ஆமா, என்று டஸ்டரை எடுப்பேன்.
நாற்பது பேரும் கொஞ்சம் சாக்பீஸ் தூள் சுவாசிப்போம்.
முடிந்தது.

ஜமுக்காளம் கை தூக்கவில்லை.

பதினோராம் நாள் ஜெசிமாவே கண்டுபிடித்தாள்.
அன்றைக்கே எடுத்துவிட்டேன்.
அதற்குள் அது அறந்தாங்கி போயிருந்தது,
பரமக்குடி போயிருந்தது, தொண்டி போயிருந்தது,
நான் பார்க்காத வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம்
பச்சைச் சேலை கட்டிக்கொண்டு
ஒன்பது நிமிடம் நாற்பதாவது விநாடியில்
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று
சிரித்தபடி அடித்துச் சொல்கிறேன், இன்னமும்.

பரீட்சை முடிந்த சாயங்காலம்
திருவாடானையிலிருந்து ஒரு செய்தி:
"மிஸ், பன்னெண்டுன்னுதான் எழுதினேன்.
எல்லாரும் அறுபதுங்குறாங்க.
நீங்க சொல்லுங்க."

பையனா, பெண்ணா, தெரியாது.
எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே
இருக்கிற இந்தத் தூரத்துக்கு
என்ன குறி போடுவது?

எழுதினேன், அழித்தேன்.
போனில் அழிப்பதற்குத் தூள் கூடப் பறப்பதில்லை.
கடைசியில், "அறுபதும்மா. தப்பு என்னோடது."
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.

சேவுகன் என்ன எழுதினான் என்று
கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நேற்று புதுப் பாடத்துக்கு உட்காரும் முன்
கொடியிலிருந்து ஒரு ஜமுக்காளத்தை
உருவிப் போட்டேன்.
கொஞ்சம் எதிரொலிக்கட்டும்.
நான் சொல்வதை யாரோ ஒருவர்
எனக்கே திருப்பிச் சொல்லட்டும்,
ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே.