விலக்கு

சில்வர் ஓக்கில் மிளகு பறிக்க ஏறியவன்
மூங்கில் ஏணியின் பதினோராம் கணுவிலிருந்து விழுந்தான்.
பெயர் சேர்வராயன். மலையின் பெயர்தான்.
நாகலூரிலிருந்து நூற்றியெட்டு வண்டியில்
இருபது கொண்டை ஊசி வளைவையும்
இடுப்பாலேயே எண்ணிக்கொண்டு இறங்கினானாம்.
மயக்க டாக்டர் எண்ணச் சொன்னதும்
இருபதிலிருந்து தொடங்கினான்.
பதினாலாம் வளைவில் தூங்கிப்போனான்.

கவிழ்த்துக் கிடத்தி முதுகெல்லாம் மருந்து பூசியாயிற்று.
டாக்டர் நஸ்ரீன் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்.
அவர் காண்பது சுவர்த் திரையில் எங்களுக்கும் தெரியும்:
இன்னும் கீறாத தோலுக்குள்
நீல வெளிச்சத்தில் ஒரு முதுகெலும்பு,
திருகாணி போகவேண்டிய தடம் பச்சையில்.
எல்லோரும் பச்சையைப் பார்க்கிறார்கள்.
நான் நீலத்தின் ஓரத்தைப் பார்க்கிறேன்.

அது என் கோடு.

ஐந்து ரோட்டில், பேக்கரி மாடியில்,
இந்த வேலை கிடைக்கும் முன் இரண்டு வருடம்
இரவெல்லாம் எலும்பு வரைந்தேன்.
யார் யாருடைய ஸ்கேனிலோ விளிம்பைப் பிடித்து
மவுஸால் சுற்றி வரவேண்டும்.
எலும்புக்கு நாலு ரூபாய்.
கீழே பன் வேகும் வாசனை, மேலே பசி.
வலது சிறகு வந்தால் என் கை ஒரு மயிரிழை வெளியே போகும்.
யாரும் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பவில்லை.
இதோ, இயந்திரமும் வலது சிறகில்
ஒரு மயிரிழை வெளியே போகிறது.
பிள்ளைக்கு நம் நடை வந்துவிட்டது என்று பூரிக்கலாம்.
எனக்கோ திருட்டு அகப்பட்டதுபோல் இருந்தது.

எலும்புகளின்மேல் பெயர்கள் ஒளிர்கின்றன.
கீழிருந்து எண்ணிக்கொண்டு போகிறது அது:
இடுப்பு ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.
அதற்கு மேலே நொறுங்கிக் கிடப்பதற்கு
'மார்பு பன்னிரண்டு' என்று பெயர்.
அதற்கு விலா இல்லை.
விலா இல்லாததை மார்பு என்று எந்த ஊரில் சொல்வார்கள்?
பச்சைத் தடங்கள் ஓர் எலும்பு கீழே காத்திருக்கின்றன.
டாக்டரின் ஊசி தோலைத் தொட்டுவிட்டது.

"மேடம், மேலேருந்து எண்ணுங்க."

"என்ன கோகிலவாணி?"

"விலாலேருந்து."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கட்டைவிரலால் தடவித் தடவி எண்ணினார்.
எக்ஸ்ரே இரண்டு முறை. அறையில் ஒரு சத்தமில்லை.
ஆறு.
அவனுக்கு இடுப்பில் ஆறு.

இப்படி வரும், சில பேருக்கு.
நாலு, ஆறு, பிறவியிலேயே ஒட்டியது, கூனியது.
மேற்பார்வைக்காரர் சொல்லியிருந்தார்:
இதெல்லாம் கணக்கைக் குழப்பும், தனியே போடு.
'விலக்கு' என்று ஒரு ஃபோல்டர்.
நூற்றுப் பன்னிரண்டு முதுகுகளை
நான்தான் அதற்குள் இழுத்துப் போட்டேன்.
பார்க்கவிடாமல் செய்துவிட்டு
பார்க்கத் தெரியவில்லை என்று அதை எப்படித் திட்டுவது?

நாற்பது நிமிடம் போனது. பெயர்களை மாற்றினோம்.
பச்சை ஓர் எலும்பு மேலேறி நின்றது.
அதன்பின் நான்கு டைட்டானியத் திருகாணி,
மூன்றாவது நரம்பை ஒட்டி, உரசாமல் போயிற்று.
தடம் சுத்தம். அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள் பெல்ட் கட்டி நின்றான்.
ஜன்னலுக்கு வெளியே மேக்னசைட் வெள்ளை,
அதற்குப் பின்னால் அவன் பெயர்.
"உங்களுக்கு ஓர் எலும்பு கூடுதல்" என்றேன்.
யோசித்தான்.
"எஸ்டேட்ல அதுக்கும் சேர்த்துக் கூலி தருவாங்களா?"

வேலையை விட்டபோது அழிக்கச் சொன்னார்கள்.
அழிக்கவில்லை.
இன்றிரவு திறந்திருக்கிறேன்,
நூற்றுப் பன்னிரண்டில் முதலாவது.
யாரென்று தெரியாத ஒருவருடைய ஆறாவது எலும்பு.
வலது சிறகில் கை வெளியே போகிறது.
அழித்துவிட்டு
மறுபடி.