கட்டில் எண் 214

மோந்த்ரேய் விடுதியின் இரண்டாம் மாடி.
ஆறு கட்டில், ஒரு சன்னல்.
என்னிடம் நாற்பத்தேழு கேள்விகள்.
நோல்வென்னிடம் எலி ஓரம் கடித்த
வாடகைப் பேரேடு.

நான் உயிரோடிருப்பவர்களிடம் கேட்பவன்.
அவளுடைய ஆட்கள் குறுக்கே பேசுவதில்லை.
மெட்ரோவில் வரும்போதெல்லாம் சண்டை:
உன் மனிதர்களுக்கு முகமில்லை என்பேன்.
உன்னவர்களுக்கு நேற்றே இல்லையே என்பாள்.

கேள்வி ஒன்பது: ஊரைவிட்டு எப்போது வந்தீர்கள்?
வெங்காயம் அரிந்துகொண்டிருந்த டெம்பா சூக்குனா
கத்தியை நிறுத்தாமல் கேட்டார்:
"எந்தத் தடவை?"

என் தாளில் ஒரே ஒரு கட்டம்.

நோல்வென் பேரேட்டைப் புரட்டினாள்.
214, சூக்குனா, 1971.
214, சூக்குனா, 1978.
214, சூக்குனா, 1986.
பிறந்த தேதி எல்லா வரியிலும் ஜனவரி ஒன்று.
"பதினைந்து வருஷம் அசையாமல் ஒரே ஆள்,"
என்றேன், கணக்குப் போட்டு.

டெம்பா சிரித்த சிரிப்பில் எண்ணெய் தெறித்தது.
"முதல் வரி என் அப்பா.
அடுத்தது சித்தப்பா, கோபக்காரர்.
மூன்றாவது அண்ணன். அவனுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை."
ஒருவர் ஆற்றங்கரைக்குத் திரும்பினால்
இன்னொருவர் ஏறி வருவார்.
இடையில் பேரேட்டில் ஒரே குறிப்பு:
1983, மெத்தை மாற்றம், நாற்பது பிராங்க்.
அந்த வருஷத்தில் இடம்பெயர்ந்ததாக
எழுத்தில் இருப்பது அந்த மெத்தை மட்டும்.

நோல்வென் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தாள்.
காயெஸ் துறையில் படகுக் கூலிகளின் பட்டியல், 1904.
ஒரு சூக்குனா. பக்கத்தில் சிவப்பு மையில்
'தப்பியோடினான்.'
இரண்டு வருஷமாக அவள் அந்தச் சொல்லின்மேல்
ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"எந்த மாதம்?" என்றார் டெம்பா.
ஜூன்.
"மழை விழுந்திருக்கும். கம்பு விதைக்கப் போயிருப்பார்.
அறுவடை முடிந்ததும் வேறு படகில் பாருங்கள்."

அவள் பேனாவின் மூடியைக்
கழற்றினாள், போட்டாள், கழற்றினாள்.
எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை.
முதல்முறையாகச் சண்டைக்குப் பொருள் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் கேள்வியின் ஓரத்தில் கிறுக்கினேன்:
யாருக்குப் பின்? யாருக்கு முன்?
கட்டம் போதவில்லை, தாளின் முதுகிலும் எழுதினேன்.

ஆறு மணிக்கு டெம்பா
அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் புறப்பட்டார்.
பகல் வேலை முடிந்து வந்த பையன் ஒருவன்,
அக்கா மகனாம், பேரேட்டில் இல்லாதவன்,
ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே
214-இல் உட்கார்ந்தான்.
போர்வையில் இன்னும் சூடு இருந்தது.