மதிப்பு, ரூபாயில்

சென்னையிலிருந்து வந்த படிவத்தில் ஏழாவது கட்டம்:
தன்னார்வலர் பணிநேரத்தின் மதிப்பு, ரூபாயில்.
முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
தையற்கடை மாடியில் எங்கள் அறை.
ஒரு பீரோ, மூன்று சக்கர நாற்காலி,
காற்று நிற்காத ஒரு படுக்கை,
நீல அட்டை போட்ட பதிவேடு.
கணக்கு எழுதுவது நான்.
எனக்கும் சம்பளம் கிடையாது,
ஆனாலும் கால்குலேட்டர் என் கையில்.

வின்சிலாஸிலிருந்து தொடங்கினேன்.
விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முந்நூறு ரப்பர் மரம் வெட்டுகிறவர்.
பாலில் ஆசிட் கலந்து தட்டில் உறைய விட்டுவிட்டு
செவ்வாயும் வெள்ளியும் பொன்மனைக்குப் போவார்,
எழுந்திருக்க முடியாத நீலகண்டனுக்கு நகம் வெட்ட.
சர்க்கரை தின்ற கால்.
ஒரு நூல் ஆழம் கூடினால் புண்,
புண் வந்தால் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி.
பட்டையில் எதுவரை போகலாம்,
எங்கே கத்தி நிற்க வேண்டும் என்று
முப்பது வருடமாகத் தெரிந்த கை
பெருவிரல் ஓரத்தில் மூச்சடக்கி நிற்கும்.
பதிவேட்டில் அவர் எழுத்து:
நகம். 40 நிமிடம்.

மரத்துக்கு என்ன கூலி என்று எனக்குத் தெரியும்.
விரலுக்கு?

சைனபா திருவிதாங்கோட்டிலிருந்து
இரண்டு பஸ் மாறி வருகிறாள்.
குழாய் மாற்றும் நர்சுக்கு டார்ச் பிடிப்பாள்.
அது முடிந்ததும்
கமலாட்சியின் மகளை வெளியே விரட்டுவாள்.
"நீ போயிட்டு வா பிள்ளே, நான் இருக்கேன்லா."
அந்த மகள் கோயிலுக்குப் போவதில்லை.
திற்பரப்பில் குளிக்கவும் போவதில்லை.
பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில்
அருமனை பஸ் போவதையும் வருவதையும் பார்த்தபடி
ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வருகிறாள்.
அந்த மணி நேரத்தை யார் பேரில் ஏற்றுவது?
இருந்தவள் பேரிலா,
போனவள் பேரிலா?

எல்லாம் பொன்னெழுத்து இல்லை.
பதிவேட்டில் பதினாறு பெயர், வருவது ஒன்பது.
ஜெபின் சான்றிதழ் கைக்கு வரும்வரை வந்தான்.
சாந்தகுமாரியும் ரோஸ்லெட்டும்
ஒரே வீட்டுக்குச் சேர்ந்து போகமாட்டார்கள்,
காரணம் சீட்டுப் பணம்.

நானும் ஒருநாள் போகவில்லை.
ஆனி மாதம், பேய் மழை.
மழையில் பால்வெட்டு கிடையாது என்று
வின்சிலாஸ் வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பிய அதே நாள்
நான் போர்வைக்குள் கிடந்தேன்.
யேசுவடியாள் அன்று சாயங்காலம் வரை
நனைந்த விரிப்பிலேயே கிடந்திருக்கிறாள்.
மறுநாள் போனபோது
முகத்தைப் பார்க்காமல் கஞ்சியை ஆற்றினேன்.
"மழையில்லா மக்கா" என்றாள்,
என் சாக்கை அவளே எடுத்துக் கொடுத்தாள்.
எத்தனை ரூபாய் கழிக்க?
கழித்தலுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

நீலகண்டன் போன மாதம் தவறிவிட்டார்.
அடக்கத்துக்கு எல்லோரும் போனோம்.
அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு
வின்சிலாஸ் அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்,
சட்டைப் பையில் நகவெட்டியோடு.
சைக்கிள் தானாகத் திரும்பிவிட்டதாம்.
நீலகண்டனின் மனைவி
ஒன்றும் கேட்காமல் கட்டன்சாயா போட்டாள்.
காலியான கட்டிலைப் பார்த்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.
அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார் மனுஷன்:
பணி, ஒன்றுமில்லை. 30 நிமிடம்.

இரவு பத்தரை. கீழே தையல் மெஷின் நின்றுவிட்டது.
படிவம் வெற்றுக் கட்டத்தை ஏற்காது.
தினக்கூலியை எட்டால் வகுத்து
மணிகளால் பெருக்கி
ஒரு எண்ணை எழுதி வைத்தேன்.

அந்த முப்பது நிமிடத்தையும் சேர்த்துத்தான்.
தணிக்கைக்காரர் கேட்டால்
கேட்கட்டும்.