மூன்றாவது

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில்
ரெமணி பால் சோதிக்கிறாள்.
லாரி நிறைய இருக்கிறது;
சந்தேகமென்றால் இன்னொரு குப்பி.

பாலக்காட்டு லேபில்
எனக்கு வருவது ஒரே ஓர் ஒளித்துகள்.
நேராக நிற்கிறதா, பாதி சாய்ந்தா,
ஒருமுறைதான் கேட்கலாம்.
கேட்டபின் அது அதுவாக இல்லை.

அதனால் மூன்று டிடெக்டர்.
முதலாவது துடித்தால் நேர், சத்தியமாக.
இரண்டாவது துடித்தால் சாய்வு, சத்தியமாக.
மூன்றாவது துடித்தால்
தெரியாது.
பொய் சொல்லாதிருக்க நான் கட்டும் சுங்கம் அது.
நேற்று நூற்றுக்கு எழுபத்தொரு தடவை கட்டினேன்;
இதற்குக் கீழே எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது.

சாயங்கால பஸ் இங்கே நிற்கும் ஐந்து நிமிடத்தில்
ரெமணி கேட்டாள்:
“சேச்சிக்கு நாடு எவிடெயா, அங்கயோ இங்கயோ?”

மூன்றாவது துடித்தது.

அவள் சிரித்துக்கொண்டே
சோதித்த பாலை ஓடையில் கொட்டினாள்.