பின்னால் நடக்காதீர்

ஊருக்குள் நுழையும் முன்பே பலகைகள்.
ஒரு கறுப்பு மனித உருவம்
தலைகுப்புறக் குழிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது.
ஓடாதீர். பின்னால் நடக்காதீர்.
இருபத்தெட்டு ஆண்டு கழித்து வருகிறேன்,
வேறெப்படி வருவதாம்?

கூபர் பீடி.
வெள்ளையன் குழி என்று பொருள் சொல்வார்கள்.
பள்ளியில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.
ஸ்லாவ்கோ காணாமற்போன பிறகு
சிரிப்பதை விட்டோம்.

எங்கள் வீட்டுக்குக் கூரை கிடையாது.
குன்றின் வயிற்றைக் குடைந்த நான்கு அறை,
மேலே ஒரு காற்றுக்குழாய், அதற்குத் தகர மூடி.
இப்போது அது மரிவிக்கின் வீடு. இரவுப்பணி நர்ஸ்.
ஏழாம் மாதம்.
தொட்டிலுக்கு இடம் வேண்டுமென்று
படுக்கையறைச் சுவரைக் குடைய ஆள் வைத்திருக்கிறாள்.
இந்த ஊரில் அப்படித்தான்,
பிள்ளை பிறந்தால் குன்று சிறுக்கும்.
மூன்றாம் நாள் மண் வேறு நிறத்தில் வந்ததாம்.
மண் இல்லை, சிமெந்து.
பழைய பத்திரத்தில் எங்கள் பெயரைப் பிடித்து
என்னை அழைத்தாள்.
போலீசுக்கு முன் உன்னிடம், என்றாள்.

சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே
ஒரு காது முறிந்த மூக்குக்கண்ணாடி,
அடிலெய்டுக்கு ஒருவழிப் பேருந்துச் சீட்டு, கிழிபடாதது,
இரண்டையும் சுற்றியிருந்த துணி.
துணியை நான் தொடவில்லை.
ஊதா நைலெக்ஸ், ஓரத்தில் வெள்ளிப் பூ.
அதன் மீதியில் எனக்கொரு பாவாடை இருந்தது.

ஸ்லாவ்கோ அப்பாவின் கூட்டாளி.
ஊர் அம்மாவை மிசஸ் நேட் என்றது.
அவன் ஒருவன்தான்
இராசமலர் என்று முழுதாகச் சொல்வான்,
ழகரம் இல்லாத பெயர் கிடைத்த மகிழ்ச்சியில்.
ஒரு கைப்பிடி பச்சை ஓபலோடு அவன் ஓடிவிட்டான் என்றார் அப்பா.
அப்பாதான் தள்ளிவிட்டார் என்றது ஊர்.
போலீஸ்காரர் எட்டு நாள் குழி குழியாக டார்ச் அடித்தார்.
லட்சம் குழி.
ஒன்பதாம் நாள் அவருக்கு வேறு வேலை வந்தது.
அந்தப் பழியை அப்பா
பழைய கோட்டைப் போல் சாகும்வரை போட்டிருந்தார்,
கழற்றவும் இல்லை, பொத்தான் பூட்டவும் இல்லை.

எனக்கு ஒன்பது வயது.
அன்றிரவு அப்பா வீட்டில் இல்லை.
வான் பழுதாகி க்ளெண்டம்போவில் கிடந்தேன் என்றார்,
ஒருவரும் நம்பவில்லை.
என்னை ஒருவரும் கேட்கவில்லை.
தூக்கத்தின் நடுவில்
கரண்டி சுவரைச் சுரண்டும் சத்தம்.
"தேள் வருது. ஓட்டையை அடைக்கிறன். படு."
விடிந்தபோது அங்கே ஆளுயரக் கண்ணாடி.
அதன் முன் நிறுத்தித்தான் நாள்தோறும் எனக்குத் தலை வாருவார்.
கண்ணாடியில் என் முகம், என் வகிடு, அம்மாவின் கைகள்.
அம்மாவின் முகம் எப்போதும் குனிந்தே இருந்தது.

ஆணி ஆடியபோதெல்லாம் அடித்து இறுக்கியவர் அப்பா.
தெரிந்து அடித்த அடியா,
தெரியாமல் அடித்ததா,
மர்ம நாவல் என்றால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

வாசலுக்கு வந்து அம்மாவை அழைத்தேன்.
"எங்கட பழைய வீட்டை இடிக்கினம் அம்மா, ஒரு சுவர்..."
அடிலெய்டில் குக்கர் ஒரு விசில் விட்டது. இன்னொன்று.
"கண்ணாடிக்குப் பின்னாலயோ?"

எந்தச் சுவர் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

வெயில் வெள்ளை மண்ணில் விழுந்து
கண்ணைக் குத்தியது.
ஒரு அடி பின்வாங்கினேன்,
பலகை நினைவுக்கு வந்து நின்றேன்.
மூன்றாவது விசில்.
அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம்.

"கொப்பரின்ர வான் பழுதானது உண்மை," என்றார்.
"முதல்ல அதை எழுதிக் குடு."