மூன்றாவது சுவிட்ச்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழே
முதல்முறை முறுக்கியபோது
அது பின்னால் போனது.
நேரே குப்பைத்தொட்டிக்குள்.
"மஞ்சளும் பச்சையும் இடம் மாறிப்போச்சு,
வேற ஒண்ணுமில்ல" என்றார் புஷ்பநாதன்,
முழங்கையில் யார் வீட்டு மீன்செதிலோ ஒட்டியிருக்க.

என் ரைஸ் குக்கர் மூடி
எங்கே போயிற்றென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
பின்சக்கரத்தின் மேல் சேறு தடுக்கிறது.
நடுவில் கைப்பிடிக் குமிழ்
இன்னும் யாரோ திறக்கக் காத்திருப்பதுபோல.

கன்ட்ரோலர் மைலோ டின்னுக்குள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கழித்துப்போட்ட
மடிக்கணினிகளின் வயிற்றைக் கிழித்து
நூற்றுமுப்பது செல்கள்.
ஒவ்வொன்றின் நாடி பிடித்து
பிழைக்கும், பிழைக்காது என்று
சாப்பாட்டு மேசையில் இரண்டு குவியல்.
மூன்று மாதம் தரையில் உட்கார்ந்து
பசியாறினோம்.

ஹாரன், ஆ ஹோக் மகளின் உடைந்த பொம்மை.
அமுக்கினால் வாத்து கத்தும்.
பாயா தெருபோங் சந்திப்பில் ஒரு லாரிக்காரன்
பதறி இறங்கி
சக்கரத்தடியில் குனிந்து தேடினான்.

ரோடு பிளாக்கில் அந்த இளம் போலீஸ்
வாகன வகை என்ற கட்டத்தில்
ஏதோ எழுதினான். அடித்தான்.
சுற்றி ஒரு நடை நடந்துவந்து மறுபடி எழுதினான்.
சம்மனைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டான்,
"ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும், பாஸ்?"
அவருக்கு அந்தக் கேள்விதான் நினைவிருக்கிறது.
சம்மன் கட்டியது நான்.

கைப்பிடியில் வீட்டுச் சுவர் சுவிட்ச் பலகை.
முதலாவது விளக்கு.
இரண்டாவது வேகம்.
"மூணாவது?"
"பலகையில ஓட்டை மூணு இருந்திச்சு."

இப்போது விடிகாலை நாலரைக்கு
நான்தான் ஓட்டுகிறேன்.
முன்னால் தோசை மாவு வாளி,
காலிடுக்கில் தேங்காய் மூட்டை.
அணைக்கட்டுப் பக்கம் சடக்கு எழும்பும் இடத்தில்
முள் சரியும், மூடி நடுங்கும்,
மாவு ஒருபக்கம் ஒதுங்கும்,
மோட்டார் இருமலை அடக்கிக்கொள்வதுபோல் ஒரு சத்தம்.
அப்போது மூன்றாவதை அமுக்குவேன்.

ஏறிவிடும்.

ஒயர் எதுவும் கிடையாது அதற்கு.
அவர் தூங்கும்போது
திருகாணி கழற்றி
நானே பார்த்திருக்கிறேன்.